காட்டோரம் குளிர்காயப் போகிறீர்களா?

மார்கழி நெருங்கினால் போதும், பெங்களூரிலும் சென்னையிலும் இருக்கிற சொந்தக்காரர்கள், அவர்களுடைய ஆபீஸ் நண்பர்கள் என்று வரிசையாக எனக்குப் போன் வரும். எல்லோருக்கும் ஒரே கேள்விதான். "தேன்கனிக்கோட்டைப் பக்கம் காட்டுக்குள்ள ஒரு ராத்திரி தங்கி, கேம்ப் ஃபயர் போடலாமா?"

தங்கலாம், நெருப்பும் போடலாம். ஆனால் இரண்டும் ஒரே இடத்தில் நடக்காது. காட்டுக்குள் தங்கினால் நெருப்புக் கிடையாது. நெருப்பு வேண்டுமென்றால் காட்டைவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். இதைப் போனில் சொன்னால் நான் ஏதோ தடுக்கிறேன் என்று கோபித்துக்கொள்கிறார்கள். அதனால் ஒரேயடியாக எழுதி வைத்துவிடுகிறேன்.

நான் பென்னாகரத்துப் பக்கம் பிறந்தவன். நெருப்பைச் சுற்றி உட்காருவது எங்களுக்குப் புதிதில்லை. கார்த்திகை, மார்கழியில் கேழ்வரகு அறுவடை. கதிர் களத்துக்கு வந்துசேரும்வரை பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்க வேண்டும். பரண் மேல் ஒருவர், கீழே களத்தில் கணப்பு மூட்டிக்கொண்டு நாலு பேர். சுடுசாம்பலுக்குள் சர்க்கரைவள்ளிக் கிழங்கோ நிலக்கடலையோ புதைந்திருக்கும். கதை சொல்கிற தாத்தா ஒருவர் எப்படியும் இருப்பார். அவர் தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டியவர் என்றால் அன்றைக்குத் தூக்கம் போச்சு.

இப்போது யோசித்தால், அந்த நெருப்புக்கு ஒரு இடம், ஒரு காலம், ஒரு காவல் இருந்தது தெரிகிறது. இடம், சாணம் போட்டு மெழுகிய களம். சுற்றிலும் ஒரு துரும்பு இருக்காது. காலம், மழை விட்டும் மண்ணில் ஈரம் காயாத பனிக்காலம். காவல், விடியும்வரை ஒருவராவது விழித்திருப்பார். பண்டிகை நெருப்பும் அப்படித்தான். சொக்கப்பனை கொளுத்துவது கோயில் முன்னால் வெட்டவெளியில், அதுவும் கார்த்திகை மழைக்கு நடுவே. பையன்கள் மாவளி சுற்றினால் பொறி பறக்கும். விழுவது ஈர மண்ணில். வெயில் காலத்தில் வருகிற தீமிதிக்குக்கூட குண்டம் வெட்டி, சுற்றிலும் கூட்டிப் பெருக்கி, குடம் குடமாகத் தண்ணீரோடு ஆள் நிற்கும்.

இன்றைக்குக் கேம்ப் ஃபயர் என்று வருகிறவர்கள் இடத்தையும் காலத்தையும் காவலையும் ஊரிலேயே விட்டுவிட்டு, நெருப்பை மட்டும் தூக்கிக்கொண்டு காட்டுக்கு வருகிறார்கள். கீழே சொல்லப்போவதெல்லாம் விட்டுவந்த அந்த மூன்றையும் திரும்பக் கூட்டிவருகிற வேலைதான்.

முதல் வேலை: யார் நிலம் என்று கேளுங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி என்கிற நம் இரண்டு மாவட்டங்களிலும் காடும் ஊரும் பின்னிக் கிடக்கின்றன. இந்தப் பக்கம் தக்காளித் தோட்டம், வரப்பைத் தாண்டினால் காப்புக்காடு, அதாவது அரசு சட்டப்படி பாதுகாக்கிற காடு. புதிதாக வருகிறவருக்கு வித்தியாசமே தெரியாது. அஞ்செட்டி, உரிகம், ஜவளகிரி, ஒகேனக்கல் சுற்றியுள்ள காடுகளில் பெரும்பகுதி இப்போது சரணாலயம். காவிரி வடக்கு வனவிலங்குச் சரணாலயம் 2014இல் வந்தது. காவிரி தெற்கு 2022இல் அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டின் 17ஆவது சரணாலயம், பரப்பு சுமார் 686 சதுர கிலோமீட்டர்.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 30ஆம் பிரிவில் இதற்கென்றே ஒரு விதி வைத்திருக்கிறது. சரணாலயத்துக்கு ஆபத்து வரும் வகையில் அங்கே தீ வைக்கவோ, நெருப்பு மூட்டவோ, எரிகிற நெருப்பை அப்படியே விட்டுவரவோ கூடாது. காப்புக்காட்டுக்கு 1882லிருந்தே தனிச் சட்டம் இருக்கிறது, அதிலும் நெருப்பு குற்றம்தான். "பாறை மேலதானே வச்சோம்", "ஆத்து மணல்தானே" என்பதெல்லாம் வனக்காவலரிடம் எடுபடாது. பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் சாலையில் வண்டியை ஓரம்கட்டி, கல் மூன்றைக் கூட்டி டீ போடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். அந்தச் சாலையின் இரண்டு பக்கமும் காடுதான் ஐயா. டீ வேண்டுமென்றால் பிளாஸ்கில் கொண்டுவாருங்கள்.

காட்டுக்குள்ளேயே தங்க ஆசையா? தேன்கனிக்கோட்டை அருகே அய்யூர் சூழல் பூங்காவில் வனத்துறையின் தங்குமிடம் இருக்கிறது. மலையேற வேண்டுமென்றால், 2024இல் மாநில அரசு இணையத்தில் முன்பதிவுக்குத் திறந்துவிட்ட பாதைகளில் அய்யூர்–சாமியேரியும் குத்திராயன் மலையும் நம் பக்கத்தவை. வழிகாட்டியோடு போகலாம். அங்கெல்லாம் போனால் நெருப்பு ஆசையை மூட்டைகட்டி வைத்துவிடுங்கள். "கொஞ்சூண்டு மட்டும்ண்ணா" என்று அங்கே வேலை செய்கிறவரை நச்சரிக்காதீர்கள். ஏதாவது ஆகிவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான். பதிலுக்கு ஒன்று கிடைக்கும்: வெளிச்சம் இல்லாமல் ஒரு இருபது நிமிஷம் சும்மா உட்கார்ந்தால் கண் இருட்டுக்குப் பழகிவிடும். அப்புறம் நட்சத்திரம், பக்கி என்கிற ராத்திரிப் பறவை கத்துகிற சத்தம், தூரத்தில் மூங்கில் முறிகிற சத்தம். நெருப்பு எரிந்துகொண்டிருந்தால் இதில் பாதி உங்களுக்குக் கிடைத்திருக்காது.

நெருப்புதான் முக்கியம் என்றால் பட்டா நிலம் பாருங்கள். சொந்தக்காரர் தோப்பு, தெரிந்தவர் களம், முறையாக நடக்கிற பண்ணை வீடு. முன்பதிவு செய்யும்போதே "பட்டா நிலமா, காட்டு எல்லை எவ்வளவு தூரம்" என்று கேளுங்கள். "எங்க கேம்ப் காட்டுக்குள்ளயே இருக்குங்க" என்று ஒருவர் பெருமையாகச் சொன்னால், அது விளம்பரமா ஒப்புதல் வாக்குமூலமா என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

ஒகேனக்கல்லில் இன்னொரு வழியும் உண்டு. மீன் வாங்கிக் கொடுத்தால் அங்கேயே அடுப்பு வைத்துச் சமைத்துத் தருகிற பெண்கள் இருக்கிறார்கள். விறகுப் புகை வாசத்தோடு மீன் குழம்பு, அவர்களுக்கும் பிழைப்பு. ஏற்கெனவே எரிகிற அடுப்பு இருக்கும்போது புதிதாக ஒன்று எதற்கு?

இரண்டாவது: தேதியை அல்ல, தமிழ் மாதத்தைப் பாருங்கள்

இங்கே இருப்பது பெரும்பாலும் இலையுதிர் காடு. தை பிறந்தால் மரங்கள் இலையைக் கொட்ட ஆரம்பிக்கும். மாசி பாதியில் கணுக்கால் புதைகிற அளவுக்குச் சருகு. காய்ந்த மூங்கில் புதர்கள், அவற்றோடு பின்னிக்கொண்ட உண்ணிச்செடி. தரையில் ஓடுகிற தீ உண்ணிச்செடியைப் பிடித்தால் அப்படியே ஏணி ஏறுவதுபோல் மரத்துக்கு ஏறிவிடும். மூங்கில் கணுவுக்குள் அடைபட்ட காற்று சூடாகி வெடிக்கும், கங்கு எங்கோ போய் விழும்.

சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரிகிற சூடு மேலே இருக்கிற புல்லை முன்கூட்டியே உலர்த்திவிடுகிறது. தேனி மாவட்டம் குரங்கணியில் 2018 மார்ச் 11 அன்று மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அது மாசிக் கடைசி. அந்த ஆண்டுதான் மலையேற்றத்துக்கென்று மாநில அரசு தனி விதிகள் கொண்டுவந்தது.

ஆகவே கணக்கு இதுதான். ஐப்பசியிலிருந்து மார்கழி முடியும்வரை, பட்டா நிலத்தில், கவனத்தோடு நெருப்பு மூட்டலாம். தையில் காற்றையும் சருகையும் பார்த்துத்தான். மாசி, பங்குனி, சித்திரையில் காட்டோரம் எங்கேயும் வேண்டாம், சொந்த நிலமாகவே இருந்தாலும். அந்த மாதங்களில் இங்கே யாருக்கும் குளிர்வதும் இல்லை. கோடை மழை இரண்டு மூன்று நன்றாகப் பெய்து புல் பச்சை கட்டிய பிறகு ஊர்க்காரரைக் கேட்டு முடிவு செய்யுங்கள்.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. நெருப்புக்கு நல்ல மாதங்கள்தான் யானைக்கும் நல்ல மாதங்கள். மழைக்குப் பிறகு பன்னேர்கட்டா காட்டிலிருந்து ஜவளகிரி வழியாக யானைக் கூட்டங்கள் இறங்கும். கேழ்வரகு வாசம் அவற்றுக்குத் தெரியும். நொகனூர், சானமாவு பக்கம் ஒவ்வொரு வருஷமும் இதே கதைதான். நெருப்பு இருந்தால் யானை வராது என்று நம்பி, வீட்டிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளித் தோப்பின் கடைசியில் உட்காராதீர்கள். வீட்டு வாசலிலிருந்து கூப்பிடு தூரத்துக்குள் இருங்கள். அன்றைக்கு யானை நடமாட்டம் எந்தப் பக்கம் என்று சாயங்காலமே ஊரில் கேட்டுக்கொள்ளுங்கள். டீக்கடையில் எல்லோருக்கும் தெரிந்திருக்கும்.

மூன்றாவது: தரையில் மூட்டாதீர்கள்

நான் எல்லோரிடமும் சண்டை போடுகிற இடம் இது. குளிர்காயும் நெருப்பு தரையில்தான் இருக்க வேண்டும் என்று எந்தச் சாஸ்திரமும் இல்லை. பாட்டி வீட்டில் கரி போட்டு எரித்த குமுட்டி அடுப்பு ஞாபகம் இருக்கிறதா? அதன் பெரிய தம்பி ஒன்று போதும். பழைய இரும்புச் சட்டி, அல்லது பாதியாக வெட்டிய இரும்பு டிரம். அடியில் செங்கல் நாலு வைத்து ஒரு சாண் உயரத்தில் நிறுத்துங்கள்.

தரையில் மூட்டினால் என்ன? அந்த இடத்து மேல்மண் வெந்துபோகும். விதை, மண்புழு, வேருக்குச் சத்து கடத்துகிற பூஞ்சை எல்லாம் சேர்ந்து வேகும். மரத்தடியாக இருந்தால் வேருக்குள் கங்கு புகுந்து, வெளியே ஒன்றும் தெரியாமல் மெல்லக் கனன்று, மறுநாளோ அதற்கு மறுநாளோ வேறு இடத்தில் தலைநீட்டும். ஒரு கூட்டம் விட்டுப்போன கருப்பு வட்டம் அடுத்த கூட்டத்துக்கு அழைப்பிதழும்கூட. ஒரு வட்டம் இருந்தால் பக்கத்தில் இரண்டாவது நிச்சயம் வரும்.

ஆற்றுக் கல்லை அடுப்புக் கூட்டவே கூடாது. காவிரிக் கரையிலும் சின்னாற்றிலும் கிடக்கிற வழுவழு உருண்டைக் கல் அழகாகத்தான் இருக்கும். தண்ணீரில் ஊறிக் கிடந்த கல்லுக்குள் இருக்கிற ஈரம் சூட்டில் ஆவியாகி, வெளியேற வழியில்லாமல் கல்லை உடைத்துக்கொண்டு வரும். சில்லு முகத்தில் தெறிக்கும்.

சட்டியைச் சுற்றிப் பத்தடிக்குச் சருகு, புல் இல்லாமல் கூட்டிவிடுங்கள். தலைக்கு மேலே கிளை இருக்கக் கூடாது. கூடாரம் பதினைந்தடியாவது தள்ளி, காற்று வரும் பக்கத்தில் இருக்கட்டும். அவை நைலான் துணி, ஒரு பொறி போதும். நெருப்பு மூட்டுவதற்கு முன்பே இரண்டு குடம் தண்ணீரும் ஒரு மண்வெட்டியும் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். தண்ணீர் வந்துசேராமல் தீப்பெட்டி வெளியே வரக்கூடாது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். காற்று வீசி மரக்கிளை ஆடுகிறதா, அன்றைக்கு நெருப்பே வேண்டாம்.

விறகு

காட்டில் பொறுக்காதீர்கள். காப்புக்காட்டில் சுள்ளி எடுப்பது சட்டப்படியும் தப்பு. அது ஒருபுறம் இருக்க, விழுந்து கிடக்கிற கட்டை சும்மா கிடப்பதில்லை. வண்டு, பல்லி, பூரான் எல்லாம் அதில் குடியிருக்கும். தேளும்தான், கையை விட்டால் தெரியும். பட்டுப்போய் நிற்கிற மரப்பொந்தில் ஆந்தை இருக்கலாம்.

விறகுக் கடையில் வாங்குங்கள், இல்லையென்றால் நிலத்துக்காரரிடம் கேளுங்கள். சீமைக்கருவேலம் முதல் தரம். நின்று எரியும், நல்ல கங்கு விடும், அதை வெட்டினால் யாரும் வருத்தப்படப் போவதில்லை. கிருஷ்ணகிரிப் பக்கம் மாந்தோப்பில் கழித்த கிளைகள் கிடைக்கும், நன்றாகக் காய்ந்திருந்தால் சரி. கொட்டாங்குச்சியை மறக்காதீர்கள். ஆறேழு பேர் இரண்டு மணி நேரம் உட்கார எனக்கு ஐந்து கிலோ விறகும் ஒரு பை கொட்டாங்குச்சியும் போதுமாக இருக்கிறது. ஆளுயரத்துக்கு எரிகிற நெருப்பின் பக்கத்தில் யாராலும் உட்கார முடியாது, எல்லோரும் பின்னால் நகர்ந்துகொண்டே இருப்பார்கள். முழங்கால் உயரம்தான் குளிர்காய ஏற்றது.

மூங்கில் வேண்டாம், வெடிக்கும். அரளிக் குச்சி வேண்டவே வேண்டாம். அதன் புகையும் விஷம். சோளக்கதிர் செருகிச் சுட அரளிக் குச்சியை ஒடித்துக்கொண்டு வந்த ஒரு மாமாவை நானே தடுத்திருக்கிறேன். பெயின்ட் அடித்த பலகை, பிளாஸ்டிக் தட்டு, சிப்ஸ் பாக்கெட் எதுவும் நெருப்புக்குள் போகக் கூடாது. பெட்ரோல் ஊற்றிப் பற்றவைக்கிற வீரர்களுக்கு நான் சொல்ல ஒன்றும் இல்லை.

சாப்பாடு, சத்தம்

சுடுவதற்குக் கிழங்கு, சோளக்கதிர், நிலக்கடலை, பச்சை அவரைக்காய். இந்தச் சீசனில் எல்லாமே இங்கேயே விளைகிறவை. மிச்சத்தை வெளியே போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். வாசத்துக்குப் பன்றி வரும், மலையடிவாரமாக இருந்தால் கரடியும் வரும். ஸ்பீக்கர் வேண்டாம். பாட வேண்டுமென்றால் வாய் இருக்கிறது.

கடைசி வேலை, பெரிய வேலை: அணைப்பது

மூட்டுவதற்குப் பத்துப் பேர் வருவார்கள், அணைக்கும்போது ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். அதனால் சாயங்காலமே ஒருவரைக் காவலுக்குப் பேசி வையுங்கள். அவர் அன்றைக்குக் குடிக்கக் கூடாது, கடைசியாகத்தான் படுக்கப் போக வேண்டும். படுக்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பே விறகு போடுவதை நிறுத்திவிடுங்கள்.

நான் செய்த தப்பைச் சொல்லிவிடுகிறேன். கல்லூரியில் படிக்கும்போது நாங்கள் ஐந்து பேர் சின்னாற்று மணலில் நெருப்பு மூட்டிக் கோழி சுட்டோம். காப்புக்காடு, சட்டம் எதுவும் அப்போது எங்களுக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளவும் முயற்சி செய்யவில்லை. கிளம்பும்போது கங்கை மணல் தள்ளி மூடினோம். பார்க்கச் சுத்தமாக இருந்தது, நெருப்பு இருந்த அடையாளமே இல்லை. மறுநாள் காலையில் அந்த வழியாக ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஒரு பையன் வெறுங்காலோடு சரியாக அந்த இடத்தில் மிதித்துவிட்டான். மணல் சூட்டை வெளியே விடாது. காற்றுப் போதாமல் கங்கு அணைந்ததுபோல் இருக்குமே தவிர, ராத்திரி முழுக்க உள்ளே கனன்றுகொண்டிருக்கும். பாதம் முழுக்கக் கொப்புளம். விஷயம் தெரிந்து ஓடிப்போய், பைக்கில் வைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். அவன் அம்மா கத்தவில்லை. "தண்ணி பக்கத்துலதானே ஓடுது, ஒரு கொடம் ஊத்த முடியலையா கண்ணு?" என்று கேட்டார்.

அன்றிலிருந்து நான் மணலை நம்புவதில்லை. செய்ய வேண்டியது இப்படி: பெரிய கட்டைகளை இடுக்கியால் பிரித்துத் தள்ளி வையுங்கள். தண்ணீரை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளியுங்கள். ஒரு பக்கமாக விலகி நில்லுங்கள், எழும்புகிற ஆவி முகத்தைச் சுட்டுவிடும். வார்ப்பிரும்புச் சட்டி என்றால் இன்னும் மெதுவாக, திடீரென்று ஊற்றினால் விரிசல் விடும். புஸ் என்ற சத்தம் நின்றதும் ஒரு குச்சியால் அடிவரை கிளறுங்கள். கிளறினால் மறுபடி சத்தம் வரும், மறுபடி ஊற்றுங்கள். சத்தம், புகை, ஆவி மூன்றும் நிற்கும்வரை இப்படியே. பிறகு புறங்கையைச் சாம்பலுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பாருங்கள், சூடு தெரியாவிட்டால் தொட்டுப் பாருங்கள். தொட முடியவில்லையா, இன்னும் அணையவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரிந்த தீத்தடுப்புக் காவலர் ஒருவர் நான் "அணைச்சாச்சுண்ணா" என்று எத்தனை முறை சொன்னாலும், "கையை வச்சுப் பாத்தியா தம்பி?" என்றுதான் கேட்பார்.

தண்ணீர் ஊற்றிய சாம்பல் சேறாகக் கிடக்கும். காலையில் இன்னொரு முறை கிளறிப் பார்த்துவிட்டு, நிலத்துக்காரரிடம் கேட்டுத் தென்னைக்கோ வாழைக்கோ போடலாம். ஆற்றில் கொட்டாதீர்கள்.

போகிற வழியில் காட்டில் தீ தெரிந்தால்

அணைக்கப் போகாதீர்கள். அதற்கென்று பழகியவர்கள் இருக்கிறார்கள். அவர்களே பச்சைத் தழையை ஒடித்து அடித்து, வருகிற தீக்கு எதிரே தாங்களே தீ வைத்து, தீ தாண்டாதபடி பாதை வெட்டித்தான் அடக்குகிறார்கள். செயற்கைக்கோள் படம் பார்த்து வனத்துறைக்குத் தகவல் போகிற ஏற்பாடு இருக்கிறது. ஆனாலும் அந்த நேரத்தில் செயற்கைக்கோள் மேலே வந்திருக்க வேண்டும், நீங்கள் அங்கேயே நிற்கிறீர்கள். 101 அல்லது 112க்குக் கூப்பிட்டு, எந்தச் சாலை, கடைசியாகத் தாண்டிய ஊர் எது, புகை எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லுங்கள். நடந்து போகும்போது மாட்டிக்கொண்டால் மேலே ஏறி ஓடாதீர்கள். தீ வருகிற பாதையைவிட்டுப் பக்கவாட்டில் விலகி, கீழ்நோக்கி, பாறைத் திட்டுக்கோ ஏற்கெனவே எரிந்து முடிந்த இடத்துக்கோ போங்கள்.

காட்டுக்குள் பல இடங்களில் சிக்னல் கிடைக்காது. அஞ்செட்டியிலிருந்து நாட்றாம்பாளையம் வழியாக ஒகேனக்கல் போகிறவர்கள் வழியில் வரும் வனச் சோதனைச்சாவடியில் நிறுத்தி, அங்கிருப்பவரிடம் அலுவலக எண்ணைக் கேட்டு ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். போன் சார்ஜ் தீர்ந்துபோனாலும் தாள் இருக்கும், எதிரே வருகிற பஸ் டிரைவரிடம் கொடுத்து அனுப்பலாம்.